தோல் நாக்குக்கு உள்ளே ஒரு வாத்து

பழைய தையலைப் பிரிக்கக் கூடாது. ஜெர்மனியின் லூடன்ஷைட் ஊரில், பழைய பெல்ட் பக்கிள் சேகரிப்பாளர் சங்கத்தில் இதுதான் சட்டம். கூட்டத்துக்குக் குடித்துவிட்டு வந்தால் மன்னிப்பார்கள். அடுத்தவன் மனைவியைப் பற்றி அசட்டு ஜோக் அடித்தால்கூட மன்னிப்பார்கள். நூறு வருஷத்துப் பழைய ராணுவ பெல்ட்டின் தையலில் ஒருவன் கத்தியை வைத்தான் என்று தெரிந்தால் மட்டும் அவன் முகத்தில் முழிக்க மாட்டார்கள்.

இந்தச் சட்டத்தை ஓயாமல் ஓதிக்கொண்டிருந்தவர் லோட்டார் ஹெஸ்டர்பெர்க். சங்கத் தலைவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ஜெர்மன் ராணுவ பக்கிள் எதைக் கொடுத்தாலும் எந்தப் படை, எந்த வருஷம், எந்தப் பட்டறை என்று பிட்டுப் பிட்டு வைப்பார். அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஊரே சொன்னது. அவரும் அதை மறுத்துப் பேசியதில்லை. கர்வமா என்றால், ஆமாம், கர்வம்தான். கூடவே நல்ல மனசும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை, அவருடைய பொக்கிஷத்தின் தையல் தானாகவே அறுந்தது.

நகர அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்கப் போகிறார்கள். அதில் நடுநாயகமாக இருக்கப் போவது லோட்டாரின் பக்கிள்தான். போட்டோ எடுப்பதற்காக ஜன்னல் ஓரம் வெள்ளைத் துணி விரித்து அதை வைத்திருந்தார். முதல் உலகப் போர்க் காலத்துப் பிரஷ்யப் படையின் எஃகு பக்கிள். நடுவில் கிரீடம், சுற்றிலும் "கடவுள் நம்மோடு" என்ற வாசகம். பின்புறக் கம்பியைச் சுற்றி மடித்துத் தைத்த ஒரு தோல் துண்டு தொங்கும். அதைத் தோல் நாக்கு என்பார்கள். நாக்கின் மேல் மியூன்ஸ்டர் ராணுவ உடைக் கிடங்கின் முத்திரை, வருஷம் 1915. பெல்ட்டின் மறுமுனை மாட்டுகிற கொக்கி, பக்கிளின் முதுகில் வெல்டிங் வைத்துப் பொருத்தப்பட்டிருந்தது.

அந்த வெல்டிங்கும் அந்த வருஷமும் ஒரே பக்கிளில் இருப்பதை வைத்துத்தான் அவர் ஒரு புத்தகமே எழுதினார். தங்கள் ஊர்ப் பட்டறை 1915-லேயே வெல்டிங்குக்கு மாறிவிட்டது என்பது அவர் கட்சி. ஆகவே 1915 முத்திரை குத்திய நாக்கும் ஈயம் வைத்து ஒட்டிய கொக்கியும் சேர்ந்து வந்தால், அது எவனோ பழைய நாக்கை வேறு பக்கிளில் தைத்து ஏமாற்றுகிற வேலை. இப்படித் தீர்ப்பு. ஒரு சின்ன உறுத்தல் மட்டும் இருந்தது. அவருடைய பக்கிளில் நாக்கு கம்பியைவிட ஒரு நூல் அகலம் குறைவு. அதற்கும் காரணம் கண்டுபிடித்து ஒரு அத்தியாயமே எழுதினார்: போர்க்காலத் தோல் பஞ்சம்! அரசாங்கமே நாக்கின் அகலத்தைக் குறைத்துவிட்டதாம்.

சங்கத்து நண்பர்களுக்கு அந்த அத்தியாயம் உயிர். ஞாயிற்றுக்கிழமை காலை பியருக்கு உட்கார்ந்தால் முதல் கோப்பையைத் தூக்குவதே "தோல் பஞ்சத்துக்கு!" என்றுதான். லோட்டாருக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிறைந்துவிடும்.

போட்டோவுக்காக அவர் நாக்கை மெல்லத் திருப்பினார். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். மக்கிப்போன நூல் விட்டுவிட்டது. தையல் ஓரமெல்லாம் அவிழ்ந்து, நாக்கு வாயைத் திறந்தது.

"ஐயோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்த மனைவி கிசெலா ஓடி வந்தாள்.

"என்ன, கையை வெட்டிக்கிட்டியா?"

"தையல் போச்சு, கிசெலா. தையல் போச்சு."

"அவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன்."

அவர் நாக்கை வெளிச்சத்துக்குத் திருப்பினார். நாக்கின் உள்பக்கம் இதுவரை வெளிச்சமே படாத தோல். அதில் அழியாத ஊதா காப்பியிங் பென்சிலால் ஏதோ வரைந்திருந்தது. பூதக்கண்ணாடியை எடுத்தார். அவர் புத்தி வழக்கம்போல அந்தக் காலத்துக்கு ஓடியது. 1915-ல் எவனோ ஒரு தோல்காரன், போருக்குப் போகிற சிப்பாய்க்காக ஆசையாக வரைந்த படம்! இதை வைத்து இன்னொரு அத்தியாயமே எழுதலாம். கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

ஒரு வாத்து. கழுத்தில் போ டை கட்டிய வாத்து.

கிசெலா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அட, இது எக்கார்டோட வாத்தில்ல? பியர் அட்டைல போடுவானே?"

ஆமாம். எக்கார்டோட வாத்துதான். பியர் கடையில் கோப்பைக்கு அடியில் வைக்கிற அட்டையில், குடித்த ஒவ்வொரு கோப்பைக்கும் கடைக்காரி ஒரு கோடு போடுவாள். யார் அட்டை யாருடையது என்று குழம்பாமல் இருக்க ஆளுக்கொரு அடையாளம் வரைந்துகொள்வார்கள். லோட்டார் ஒரு மூக்குக்கண்ணாடி வரைவார். எக்கார்ட் வரைவது போ டை கட்டிய வாத்து. சங்கத்து நண்பர், கார் சீட்டுக்கு உறை தைக்கிற கடை வைத்திருந்தவர், தையலில் கெட்டிக்காரர். இந்தப் பக்கிளை லோட்டாரின் நாற்பதாவது பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்தவரும் அவர்தான். "எங்க தாத்தா பெட்டியில இருந்தது, நீதான்டா வச்சிருக்கணும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

லோட்டார் நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். அந்த நூலைப் புற ஊதா விளக்கில் எத்தனை தடவை பார்த்திருக்கிறார்! புது நூல் என்றால் பளிச்சென்று ஒளிரும், இது ஒளிரவில்லை. எப்படி ஒளிரும்? எக்கார்டின் அப்பா குதிரைச் சேணம் தைத்தவர். அவர் பட்டறையில் பழைய நூல் கண்டு கண்டாகக் கிடந்தது. நாக்கு 1915, பக்கிள் அதற்குப் பிந்தையது. இரண்டையும் சேர்த்துத் தைத்துக் கையில் கொடுத்திருக்கிறான். லோட்டாரும் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கிறார்.

"விளையாட்டுக்குப் பண்ணியிருப்பான்" என்றாள் கிசெலா. "அவனைத்தான் உனக்குத் தெரியுமே." பிறகு அவள் முகம் மாறியது. "அப்போ வில்ஃப்ரீட்?"

இந்தக் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். வரக் கூடாதே என்றுதான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வில்ஃப்ரீட் கூரைக்குக் கல் ஓடு வேய்கிறவர். ஒரு காலத்தில் லோட்டாருக்கு எக்கார்ட் வலது கை என்றால் வில்ஃப்ரீட் இடது கை. புயலில் லோட்டார் வீட்டுக் கூரை பறந்தபோது மழையில் நனைந்துகொண்டே ஏறி, தார்ப்பாய் கட்டிவிட்டுத்தான் இறங்கினார். எட்டு வருஷத்துக்கு முன்னால், தன் கொள்ளுத்தாத்தா போரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பக்கிளைச் சங்கத்தின் மதிப்பீட்டு நாளில் கொண்டுவந்து வைத்தார். எஃகு. 1915 நாக்கு. ஈயம் வைத்த கொக்கி.

லோட்டாரின் புத்தகப்படி அது ஒட்டு வேலை. கூடவே எக்கார்ட் எழுந்து நின்று, வில்ஃப்ரீட் பழைய தோல் நாக்குகளை வாங்கிச் சேர்ப்பதாகத் தன் காதுக்கு வந்தது என்றார். கூடம் முழுக்க முணுமுணுப்பு. ஓட்டெடுப்பு நடந்தது, எல்லாக் கையும் உயர்ந்தது. போலி என்று தீர்ப்பானால் அந்தப் பொருளை இனி யாரும் நல்லது என்று விற்க முடியாதபடி, முதுகில் எஃகு அச்சால் ஒரு பெருக்கல் குறி அடித்துவிடுவது சங்கத்தின் வழக்கம். சுத்தியல் தலைவர் கையில். எக்கார்ட் பக்கிளைப் பிடித்துக்கொண்டார், லோட்டார் அடித்தார். வில்ஃப்ரீட் பக்கிளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதன்பிறகு சங்கத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"அந்தாளு பொய் சொல்ற ஆளில்லன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள் கிசெலா. "நீ கேக்கலை."

"சாட்சி இருந்துச்சு, கிசெலா."

"இதுதானே உன் சாட்சி?" என்று வாத்தைக் காட்டிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஞாயிறு காலை, பியர் கடையின் வட்ட மேஜையில் எல்லோரும் வழக்கமான இடத்தில் இருந்தார்கள். எக்கார்ட், ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஓட்மார், ரொட்டிக்கடை ஹெரிபெர்ட். கடைக்காரி அன்னெரோஸ் லோட்டாரைப் பார்த்ததும் பியர் குழாயைத் திறந்தாள்.

"வாங்க தலைவரே! அருங்காட்சியகத்துக்கே போகப் போறீங்களாமே. கண்ணாடிப் பெட்டில பக்கிளை வைப்பாங்களா, உங்களையே உக்கார வைப்பாங்களா?"

மேஜை சிரித்தது. எக்கார்ட் கோப்பையைத் தூக்கினார். "தோல் பஞ்சத்துக்கு!"

"தோல் பஞ்சத்துக்கு!" என்றார்கள் மற்ற இருவரும்.

லோட்டார் கோப்பையைத் தொடவில்லை. கோட்டுப் பையிலிருந்து தோல் நாக்கை எடுத்து, உள்பக்கம் மேலே தெரியும்படி எக்கார்டின் பியர் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு வாத்துகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கழுத்து டைகூட ஒரே மாதிரி.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் ஹெரிபெர்ட்தான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு "க்ளுக்" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு லோட்டாரை அறைந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்றார் அவரைப் பார்த்து.

ஹெரிபெர்ட் பியர் நுரையைப் பார்த்தார்.

"ஓட்மார், உனக்கு?"

"லோட்டார், அது ரொம்பப் பழைய கதைப்பா" என்றார் டாக்டர். "நாங்க என்னமோ எப்பவோ..."

"எனக்கே தெரியுமே" என்று அன்னெரோஸ் சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தோல் பஞ்சத்துக்கு! இத்தனை வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் கோப்பையைத் தூக்கி, கண்ணைப் பார்த்து, சிரித்து, குடித்திருக்கிறார்கள். அவரும் கூடவே எழுந்து நின்று, தலையைக் குனிந்து நன்றி சொல்லியிருக்கிறார். நினைக்க நினைக்க லோட்டாருக்கு உடம்பு கூசியது. ஊரே கூடிக் காது குத்தியிருக்கிறது. இவரும் தலையைச் சாய்த்துக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இங்க பாருடா" என்றார் எக்கார்ட். குரலில் இன்னும் கொஞ்சம் வேடிக்கை மிச்சம் இருந்தது. "நீ அப்போ என்ன பேச்சுப் பேசுவே தெரியுமா? துணியில சுத்திக் கொடுத்தாலும் மோந்து பாத்தே போலியைச் சொல்லிடுவேன்னுவே. உன் மூக்கை ஒரே ஒரு நாள் உடைக்கலாம்னுதான் பண்ணினேன். கேக் வெட்டினதும் சொல்லிடறதா இருந்தேன், சத்தியமா. நீ அதைக் கையில வாங்கினதும் அழுதுட்டே. என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழறே. நான் எப்படிடா சொல்லுவேன்?"

"மறுநாள் சொல்லியிருக்கலாம்."

"மறுநாள் ஊர் பூராக் காட்டிட்டே. அப்புறம் புஸ்தகம் எழுதிட்டே. அதுக்கப்புறம் சொன்னா நீ செத்துப் போயிருப்பே."

"இத்தனை வருஷம் என்னை வச்சுச் சிரிச்சீங்களே, அதுல நான் சாகலியா?" என்றார் லோட்டார். "சரி, போகட்டும். என்னைப் பைத்தியக்காரன் ஆக்கினே, ஆக்கிட்டுப் போ. வில்ஃப்ரீட் என்னடா பண்ணினான் உனக்கு?"

எக்கார்டின் முகத்திலிருந்த வேடிக்கை வடிந்தது. "அவனை எதுக்கு இப்போ இழுக்கறே?"

"அவன் பக்கிள் அசல்னு உனக்குத் தெரியும். என்னோடதுதான் ஒட்டு வேலைன்னும் தெரியும். தெரிஞ்சே எந்திரிச்சு நின்னு அவன் மேல பழி போட்டே. அவன் கொள்ளுத்தாத்தா பக்கிளைப் பிடிச்சுக்கிட்டு என்னை அடிக்கச் சொன்னே. நான் அடிச்சேன்டா! என் கையால அடிச்சேன்!"

"ஒரு தகரத்துண்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார் எக்கார்ட். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

லோட்டார் எழுந்தார். அவருக்கு அந்த மனிதரின் கோப்பையை எடுத்து அவர் தலையிலேயே கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. செய்யவில்லை. நாக்கை எடுத்துக்கொண்டு, தன் அட்டையில் அவரே முன்பு வரைந்திருந்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். அட்டையை இரண்டாகக் கிழித்து மேஜைமேல் போட்டுவிட்டு வெளியேறினார்.

நேரே வீட்டுக்குப் போய்ப் பக்கிளையும் சங்கத்தின் எஃகு அச்சையும் சுத்தியலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு காரை எடுத்தார். வழியெல்லாம் பேச வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நம்ம ரெண்டு பேரையும் கழுத்தறுத்துட்டாங்க, வில்ஃப்ரீட். என்னையும் ஏமாத்திட்டாங்க, உன்னையும் ஏமாத்திட்டாங்க. இதைச் சொன்னால் வில்ஃப்ரீட் புரிந்துகொள்வார். இருவரும் சேர்ந்து எக்கார்டைத் திட்டலாம். அந்த நினைப்பு அவருக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

வில்ஃப்ரீட் பட்டறையில் திண்ணென்ற ஒரு மரக்கட்டைமேல் கல் ஓடு வைத்து ஓரம் தட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை. காரைப் பார்த்தார். தட்டுவதை நிறுத்தவில்லை.

"வில்ஃப்ரீட்" என்றார் லோட்டார். "என்னோடதுதான் போலி."

"தெரியும்."

"தெரியுமா? எப்படி?"

"நாக்கு கம்பிக்குச் சின்னதா இருக்கு. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். தோல் பஞ்சமாம்!" வில்ஃப்ரீட் கையிலிருந்த ஓட்டை ஊதித் தூசி தட்டினார். "மதிப்பீட்டுக்கு முந்தின நாள் எக்கார்ட் கடைக்குப் போய்ச் சொன்னேன். லோட்டார்கிட்ட நீயே சொல்லிடு, நான் சபையில சொன்னா அவன் தாங்க மாட்டான்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"லோட்டாருக்கு எப்பவோ தெரியும், நாங்க பேசிக்கிட்டோம், வெளிய விட வேணாம்னு அவனே கேட்டுக்கிட்டான்னான்." வில்ஃப்ரீட் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "மறுநாள் நீ சுத்தியலை எடுத்தப்போ, தெரிஞ்சேதான் அடிக்கறேன்னு நினைச்சேன். புஸ்தகத்தைக் காப்பாத்திக்க என்னைப் பலி கொடுக்கறேன்னு நினைச்சேன்."

"எனக்குத் தெரியாது. நேத்து வரைக்கும் தெரியாது. கிசெலா மேல சத்தியம்."

"சரி."

"என்னை நம்பறியா?"

"நம்பறேன். உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது."

லோட்டாருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு பேரையும் கழுத்தறுத்துட்டான் பாவி" என்று, வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததைச் சொன்னார். "நான் யாரை நம்பினேனோ அவனே..."

"இரு" என்றார் வில்ஃப்ரீட். "என்னைச் சேக்காதே. எக்கார்ட் உன்னைத்தான் ஏமாத்தினான். அவன் எனக்கு அவ்வளவு ஒண்ணும் நெருக்கமில்ல. என்னை ஏமாத்தினது நீ."

"எனக்குத் தெரியாதுன்னு இப்பத்தானே..."

"தெரியாமத்தான். அதுதான் இன்னும் மோசம்னு இப்போ தோணுது. தெரிஞ்சே பண்ணினேன்னு நினைச்சிருந்தேன், பயந்தாங்கொள்ளின்னு திட்டிட்டு விட்டுட்டேன். நீ நிஜமாவே நான் திருடன்னு நம்பியிருக்கே. உன் வீட்டுக் கூரையில ஏறினவன் நான். ஒரு நாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, வில்ஃப்ரீட், இது உண்மையான்னு கேட்டியா? தகரத்தை நம்பினே, லோட்டார். என்னை நம்பலை."

அவர் எழுந்தபோது லோட்டார் பார்த்தார். வில்ஃப்ரீட் வேலைக் கால்சட்டையில் அந்தப் பக்கிளைத்தான் கட்டியிருந்தார். கிரீடம் தேய்ந்து மழுங்கியிருந்தது. அசல் 1915. கண்ணாடிப் பெட்டியில் இருக்க வேண்டியது.

"இதையா... வேலைக்கா கட்டறே?"

"குறி அடிச்சாச்சில்ல, வேற எதுக்கு ஆகும்? குறி உள்பக்கம் இருக்கு. குனிஞ்சா வயித்துல குத்தும். பழகிடுச்சு."

லோட்டார் பையைத் திறந்து தன் பக்கிளை எடுத்து மரக்கட்டைமேல் குப்புற வைத்தார். அச்சையும் சுத்தியலையும் எடுத்து நீட்டினார். "நீ அடி. உன் கையால அடி."

வில்ஃப்ரீட் வாங்கவில்லை. "நான் என்ன, தலைவரா? நீயே அடி."

லோட்டார் பக்கிளின் முதுகில் அச்சை நிறுத்திச் சுத்தியலை ஓங்கினார். அச்சு வழுக்கி மரத்தில் குத்தியது. மறுபடி நிறுத்தினார். அடி பக்கவாட்டில் விழுந்து, எஃகில் பாதிக் கோடு மட்டும் கீறியது. பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற வில்ஃப்ரீட் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை ஓங்கி, ஓங்கின கையை லோட்டார் அப்படியே இறக்கிக்கொண்டார்.

"என்னால முடியலைடா" என்றார்.

வில்ஃப்ரீட் குனிந்து தன் கல் ஓட்டை எடுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு என்னோடதை ஒரே அடில அடிச்சே" என்றார்.